மழைக்கு முதுகைக் காட்டி நடந்தோம்

மலேசியத் தீபகற்பத்தை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை நடந்தே கடக்கக் கிளம்பி, முதல் தடவை நாங்கள் பாதியில் திரும்பி வந்தது மெந்தகாப்பிலிருந்து. நானும் என் நாத்தனாரும். பதினேழு நாள் நடந்திருந்தோம், அதில் பதினான்கு நாள் நனைந்திருந்தோம். கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துப்போய், சப்பாத்தைக் கழற்றினால் திரும்பப் போட முடியாத நிலை. சாலையோர ஒட்டுக்கடையில் தேநீர் கொடுத்த அக்கா, தெமர்லோ போகும் வழியில் தாழ்வான இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்றார். நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். அவ்வளவுதான், பஸ் ஏறிவிட்டோம்.

கோவிட்டுக்கு முந்தைய ஒரு வருடக் கடைசி அது. நான் பாலர் பள்ளி ஆசிரியை. நீண்ட விடுமுறை அப்போதெல்லாம் நவம்பர், டிசம்பரில்தான் வரும். எனக்கு எப்போது ஓய்வு கிடைக்கிறதோ அதுதான் நடக்கும் காலம் என்று நினைத்துவிட்டேன். பை எவ்வளவு எடை, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே தங்குவது, எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். மழையைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு மாமா கேட்டார். ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனை நாள் பால் வெட்டலாம், எத்தனை நாள் மழை கெடுக்கும் என்று மாதத்தை வைத்தே சொல்லிவிடுவார். "எந்தப் பக்கமா போனீங்கம்மா?" என்றார். கோல சிலாங்கூரிலிருந்து கிழக்கே, குவாந்தானைப் பார்த்து என்றேன்.

"நவம்பர்லயா? மழை போற ரோட்டுலயேல்ல நீயும் போயிருக்க!"

அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குப் பாடம். மேற்குக் கரையில், அதாவது எங்கள் பக்கம், அக்டோபரும் நவம்பரும் அடைமழைக் காலம். அது குறையத் தொடங்கும் வேளையில் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் மழையைக் கொட்ட ஆரம்பிக்கும். கிளந்தான், திரங்கானு, பகாங் மூன்றும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை நனையும். நாங்கள் நவம்பர் கடைசியில் மேற்கில் மழையோடு கிளம்பி, டிசம்பரில் கிழக்கின் மழைக்குள் நுழைந்திருக்கிறோம். மழையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது மாதிரி. பின்னாளில், 2021 டிசம்பரில், நாங்கள் கடந்துபோன பெந்தோங், காராக் வட்டாரத்தை வெள்ளமும் சேறும் மரக்கட்டைகளும் அடித்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. நான் நடந்த அதே மாதம்.

திசை வேறு, காலம் வேறு என்று இரண்டாகப் பிரித்துத்தான் நான் யோசித்திருந்தேன். இரண்டும் ஒரே கேள்வி. "எந்த மாதம்" என்று முடிவு செய்யாமல் "எந்தப் பக்கம்" என்று முடிவு செய்ய முடியாது.

நாத்தனார் மகன் வெளிநாட்டு நெடும்பாதைகளைப் பற்றி நிறையப் படிப்பவன். அவன்தான் உட்கார வைத்து விளக்கினான். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். பெரும்பாலோர் தெற்கே ஜார்ஜியாவில் மார்ச், ஏப்ரலில் கிளம்பி, வசந்தத்தோடு சேர்ந்து வடக்கே ஏறி, மேய்ன் மாநிலத்துக் கத்தாடின் மலையை அக்டோபர் நடுவுக்குள் தொட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் குளிர் வழியை அடைத்துவிடும். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிபிக் மலைமுகட்டுப் பாதையில், சியரா மலைப் பனி கரைவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தாலும் சிக்கல், வாஷிங்டன் மாநிலத்தில் புதுப்பனி விழுந்த பின் போய்ச் சேர்ந்தாலும் சிக்கல். நியூசிலாந்தின் தே அராரோவா 3,000 கிலோமீட்டர்; அங்கே பெரும்பாலோர் வடக்கிலிருந்து தெற்கே, கோடைக்கு முன்னால் கிளம்புகிறார்கள். பிரிட்டனின் தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு முனைக்கு நடப்பவர்களுக்குக் காற்று பெரும்பாலும் முதுகில் இருக்கும்.

"எல்லாருமே ஏதோ ஒண்ணுகிட்ட இருந்து தப்பிச்சுப் போறாங்க அத்தை. நமக்கு அது மழை" என்றான்.

அப்படியானால் மழை எப்போது எங்களுக்குப் பின்னால் வரும்? பிப்ரவரியில் கிழக்குக் கரை காயத் தொடங்குகிறது, மார்ச்சில் நன்றாகவே காய்ந்துவிடும். மேற்கில் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது மழைக்காலம் வரும். மத்தியானத்துக்கு மேல் இடியும் மின்னலுமாக. ஆகவே மார்ச் நடுவில் மேற்கிலிருந்து கிளம்பினால், ஏப்ரல் மழை நம் முதுகுக்குப் பின்னால் பிறக்கும். அதே திசைதான், நவம்பரில் நடந்த அதே கிழக்குத் திசை. மாதம் மாறியதும் எல்லாமே தலைகீழாகிவிட்டது.

கிழக்கிலிருந்து மேற்கே நடந்தால் என்ன என்றும் பேசினோம். நாத்தனார் அதைத்தான் விரும்பினாள். வீட்டை நோக்கி நடப்பதில் ஒரு தெம்பு இருக்கிறது. காலை வெயிலும் முதுகில் விழும். இரண்டும் உண்மைதான். ஆனாலும் நான் மேற்கிலிருந்தே தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். முதல் ஒரு வாரத்தில்தான் எல்லாத் தவறும் தெரியவரும்: சப்பாத்து கடிக்கும், பை தோளை அறுக்கும், தேவையில்லாததைச் சுமந்துகொண்டிருப்போம். அந்த வாரம் வீட்டுக்குப் பக்கத்தில் கழிய வேண்டும். அப்படியே ஆயிற்று. இரண்டாம் நாள் எங்கள் ஊரைக் கடந்தபோது நாத்தனார் வீட்டுக்குள் போய் ஒன்றரைக் கிலோ சாமானை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

வழி என்று பார்த்தால் எங்களுக்கு அதிகம் தேர்வு இல்லை. விரைவுச்சாலைகளில் கால்நடையாகப் போகக் கூடாது. காராக் நெடுஞ்சாலையும் கிழக்குக்கரை விரைவுச்சாலையும் அதனால் போயிற்று. மிச்சம் இருப்பது பழைய சாலைகள். கோல சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய் (2007லிருந்து பெஸ்தாரி ஜெயா, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்), ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோல குபு பாரு. அங்கிருந்து மலை ஏறி 'கேப்' என்னும் கணவாயில் பகாங் எல்லையைத் தாண்டி, தெரானும், திராஸ் பக்கம் இறங்கி, பெந்தோங், காராக், லஞ்சாங், மெந்தகாப், தெமர்லோ, மாரான், கம்பாங், குவாந்தான். எங்கள் கணக்கில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, முதல் பகுதியில் சிலாங்கூர் ஆறு அவ்வப்போது கூடவே வரும். பிரேசர் மலைப் பக்கம் பிறக்கும் ஆறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு கோல சிலாங்கூரில் கடலில் சேர்கிறது. அதன் கரையில் மின்மினிகளுக்குப் பேர்போன ஒரு கம்பம் (மலாய்க் கிராமம்) இருக்கிறது, பெயர் கம்போங் குவாந்தான். கிளம்பிய முதல் நாளே குவாந்தான் என்று பெயர்ப்பலகை பார்த்து நாத்தனார் சிரித்த சிரிப்பு, "அண்ணி, வந்து சேர்ந்துட்டோம்!"

தேதியை முடிவு செய்ததில் மாரானில் கோயில் கொண்ட முருகன், மரத்தாண்டவருக்குத்தான் பங்கு அதிகம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாலை போடும்போது மரத்தை வெட்டப்போய் ரத்தம் வடிந்தது என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வளர்ந்த கதை. சின்ன வயதில் பங்குனி உத்திரத்துக்குத் தோட்டத்து லாரியில் போயிருக்கிறேன். இந்த முறை நடந்து போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். 2025ல் பங்குனி உத்திரம் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்தது. ஆக, மாற்ற முடியாத நாள் ஒன்று கையில் கிடைத்துவிட்டது. நீண்ட நடைக்கு இது பெரிய உதவி. கிளம்பும் நாளை முதலில் குறித்துக்கொண்டு முன்னால் எண்ணினால், ஒவ்வொரு தாமதமும் கடைசியில் போய் மொத்தமாக விழும். சேர வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்று முன்னமே தெரிந்துவிடும்.

குதிரைப் பந்தய நாள் போட்ட குதிரை காலண்டரை மேசையில் விரித்து, பென்சிலால் பின்னோக்கி எண்ணினோம். கோல சிலாங்கூரிலிருந்து மாரானுக்கு 18 நாள் நடை. ஓய்வுக்கும் தாமதத்துக்கும் 5 நாள். அப்படிப் பார்த்தால் மார்ச் 18. ஆனால் அந்த வருடம் ரமலான் மார்ச் 2ல் தொடங்கி, நோன்புப் பெருநாள் மார்ச் 31ல் வந்தது. இதுதான் முதல் தடவை நான் யோசிக்காத இன்னொரு காலண்டர்: மனிதர்களின் காலண்டர். நோன்பு மாதத்தில் மலாய்க்காரர்களின் ஒட்டுக்கடைகள் பகலில் மூடியிருக்கும். கம்பங்கள் வழியே நடக்கும்போது மத்தியானச் சாப்பாட்டை நம்பிப் போக முடியாது. காலையில் கிளம்பும்போதே பொட்டலம் கட்டிக்கொண்டோம், நோன்பிருப்பவர்கள் கண் முன்னால் சாப்பிடாமல் ஒதுங்கிப் போய் உண்டோம். அதே மாதத்தில் ஒரு வரமும் உண்டு. சாயங்காலமானால் ரமலான் சந்தை. அசதியாகப் போய்ச் சேரும் ஊரில் சுடச்சுட உணவு காத்திருக்கும்.

பெருநாளுக்கு முந்தைய நாட்களில் ஊர் திரும்பும் கார்கள் சாலையை நிறைத்துவிடும். அந்த நாட்களில் ஓரமே இல்லாத பழைய சாலையில் நடக்கக் கூடாது என்று, மார்ச் 29 முதல் ஏப்ரல் 2 வரை பெந்தோங்கில் உறவினர் வீட்டில் தங்குவது என்று வைத்துக்கொண்டோம். எங்கள் ஓய்வு நாளெல்லாம் அங்கேயே போயிற்று. அது சரியான முடிவுதான். ஆனால் போகிற கூட்டத்தைக் கணக்கிட்ட நான் திரும்புகிற கூட்டத்தை மறந்துவிட்டேன். ஏப்ரல் 5, 6 சனி ஞாயிறு, லஞ்சாங்குக்கும் தெமர்லோவுக்கும் நடுவில், கிழக்கிலிருந்து திரும்பும் கார்கள் விரைவுச்சாலை நெரிசலுக்குப் பயந்து பழைய சாலையில் இறங்கிவிட்டன. 2004ல் விரைவுச்சாலை வந்த பிறகு அந்தச் சாலை அமைதியாகிவிட்டது என்பதை நம்பித்தான் வழியே போட்டிருந்தேன். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரத்தில் நடந்த எங்களை, முந்திக்கொண்டு வந்த ஒரு கார் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உரசிக்கொண்டு போனது. அன்றைக்கு ஏழு கிலோமீட்டரோடு நிறுத்திவிட்டேன். தாமதத்துக்கு என்று விட்டுவைத்த நாள் எல்லாம் பெந்தோங்கிலேயே செலவாகிவிட்டதால், மறுவாரம் மூன்று நாள் 25 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டிவந்தது. ஓய்வு நாட்களை ஒரே இடத்தில் செலவழிக்காதீர்கள். கடைசிப் பகுதிக்கு இரண்டு நாளாவது தொடாமல் வையுங்கள்.

மலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முழு நடையிலும் நாளும் கிழமையும் பார்த்துத்தான் போக வேண்டும் என்ற இடம் அதுதான். கோல குபு பாருவிலிருந்து கேப் வரை கடை கிடையாது, தங்க இடமும் கிடையாது. அணையைத் தாண்டினால் காடு. 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கிய கொரில்லாக்களால் கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். அத்தனை வளைவு, அத்தனை அடர்த்தி. வார இறுதியில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக இந்த வளைவுகளுக்காகவே வரும். அதனால் மலைக்கு மூன்று வார நாட்களை ஒதுக்கினோம்: செவ்வாய், புதன், வியாழன். இந்த மூன்றையும் பங்குனி உத்திரத்தையும் ஆணியடித்து வைத்துவிட்டு, மற்ற எல்லா நாட்களையும் அவற்றுக்கு நடுவில்தான் பொருத்தினோம்.

தங்க இடம் இல்லாத குறைக்கு, நாத்தனார் மகன் மூன்று நாள் விடுப்பு எடுத்து கார் ஓட்டினான். மத்தியானம் நின்ற இடத்தில் ஏற்றிக்கொண்டு கோல குபுவில் விடுவான், மறுநாள் விடியலில் அதே கிலோமீட்டர் கல்லில் கொண்டுவந்து இறக்குவான். நாத்தனார் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் அடி எடுத்து வைப்பாள். ஏமாற்றவில்லை என்று தனக்குத்தானே ஒரு சாட்சி. மேற்கிலிருந்து ஏறுவதில் ஒரு நன்மை, கோல குபுவை அடையும்போது கால்கள் ஆறு நாள் பழகியிருக்கும். இரண்டு நாள் ஏற்றம் மூச்சை வாங்கியது, முட்டியை ஒன்றும் செய்யவில்லை. வலி வந்தது மூன்றாம் நாள், பகாங் பக்க இறக்கத்தில். இறக்கத்துக்கு முன்னால் சப்பாத்துக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் விரல் நுனி முன்னால் இடித்து நகம் கறுத்துவிடும். என் இரண்டு நகம் போயிற்று. மண் சரிவால் இந்தச் சாலை மூடப்படுவதும் உண்டு. கிளம்புவதற்கு முந்தைய நாள் கோல குபுவில் கேட்டுக்கொள்ளாமல் ஏறாதீர்கள். தனியாக ஏறவே ஏறாதீர்கள்.

வெயில் விஷயத்தில் எனக்கு உதவியது தோட்டத்துப் பழக்கம். அம்மா காலத்தில் விடியுமுன் பிரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது), வெயில் ஏறுமுன் பால்மரம் வெட்டி முடியும். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதனால் இங்கே மார்ச் கடைசியில் சூரியன் எழும்போது மணி ஏழே கால். உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்றே காலுக்கு மேல். வேறு நாட்டுக்காரர்கள் "பத்து மணிக்குள் முடித்துவிடு" என்று எழுதியதைப் படித்து நான் பயந்திருந்தேன். நம் பத்து மணி வெயில், சூரியக் கணக்கில் எட்டே முக்கால்தான். ஆறரைக்குச் சந்துவிளக்கு வெளிச்சத்தில் ஊருக்குள் நடக்கத் தொடங்கி, வெளிச்சம் வந்ததும் பெரிய சாலையில் ஏறி, பதினொன்றரைக்கு நிறுத்திவிடுவோம். ஐந்து மணி நேரம், 17, 18 கிலோமீட்டர். மார்ச் கடைசியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும், நிழல் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். அந்த வேளையில் இன்னும் ஐந்து கிலோமீட்டர் என்று ஆசைப்பட்டால் மறுநாள் தலைவலியோடுதான் எழுந்திருக்க வேண்டும்.

கிழக்கே நடப்பதால் காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். இதற்கு நாங்கள் கொடுத்த விலை அது. அகல விளிம்புத் தொப்பியும், வெள்ளைத் துணி தைத்த குடையும் தாங்கின. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டு ஓரமாகப் போகும் இடங்களில் ஒன்பது மணி வரை நிழல் கிடைக்கும். (எங்கள் ஊர்ப் பக்கம் தெனாமாரம் தோட்டத்தில்தான் 1917ல் இந்நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டார்கள். பெயரில் தென்னை, நட்டது செம்பனை.) நிழலுக்கு ஆசைப்பட்டுத் தோட்டத்துக்குள் குறுக்கே போவதாக இருந்தால் காவலாளியிடம் கேட்டுவிட்டுப் போங்கள், நாய்கள் இருக்கும்.

பிப்ரவரியில் மூன்று நாள் ஒத்திகை நடந்து பார்த்தோம், கோல சிலாங்கூர் வரை போய்த் திரும்பினோம். ராஜா மூசா பக்கத்துச் சதுப்புக் காட்டு மண், காய்ந்த மாதங்களில் தீப்பிடித்தால் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகை வந்தால் கிளம்பும் நாளைத் தள்ளிவைப்பது என்று பேசிவைத்திருந்தோம், நல்லவேளையாகத் தேவைப்படவில்லை. ஒத்திகையில் கற்றது: சப்பாத்து ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும், கால் மத்தியானத்துக்குள் வீங்கிவிடும். தொடை இடுக்குக்குத் தேங்காய் எண்ணெய். குடிதண்ணீர் காலையில் மூன்று லிட்டர், பெட்ரோல் நிலையம் கண்ணில் பட்டால் நிரப்பிக்கொள்வது. ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும். பை ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம்.

வேறு மாதத்தில்தான் நேரம் கிடைக்கும் என்பவர்களுக்கு: ஜூன், ஜூலையில் இரண்டு கரையிலும் மழை குறைவு, எந்தப் பக்கமிருந்தும் நடக்கலாம். செப்டம்பர் என்றால் முதல் வாரத்திலேயே மேற்கிலிருந்து கிளம்பி, மழை கிழக்கே தாவுவதற்குள் முடித்துவிடுங்கள். ஆனால் 2015, 2019 போன்ற வருடங்களில் அந்த மாதத்தில்தான் புகைமூட்டம் நாட்டையே மூடியது. மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் செப்டம்பரைத் தொட வேண்டாம். நவம்பர், டிசம்பரில் எந்தத் திசையிலும் பகாங்கை நடந்து கடக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உத்திரத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் மாரான் போய்ச் சேர்ந்தோம். கோயில் வாசலில் நிறைய பஸ்கள் நின்றன, பால்குடம் ஏந்தியவர்கள் வரிசை. யாரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனபோது, தரை அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. நாத்தனார் அழுதாள். மெந்தகாப்பில் அவள் அழவில்லை.

மாரானில் இருந்து குவாந்தான் வரை ஐந்து நாள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால் தானாக நடந்தது. ஏப்ரல் 17 காலை தெலுக் செம்பெடாக் கடற்கரையில் இறங்கினோம். வானம் வெளுத்துக் கிடந்தது. 31 நாளில் எங்களை நனைத்தது மூன்றே மழை, மூன்றும் மத்தியானத்தில். உப்புத் தண்ணீரில் காலை வைத்ததும் கொப்புளம் சுரீரென்றது. அப்போதுதான் வீட்டிலிருந்து மகள் கூப்பிட்டாள். எங்கே இருக்கீங்க, சேர்ந்தாச்சா, சாப்பிட்டாச்சா என்று எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"இங்க நாலு நாளா மத்தியானம் ஆனா மழைதான்மா. துணியே காய மாட்டேங்குது."

நாத்தனாரிடம் போனைக் கொடுத்தேன். அவளும் கேட்கட்டும் என்று.